முன்னால் நீண்ட கை

"கோழிக்குழம்பு ஊத்தினா மனுசன் சாவானா, சவுரி?"

மேடம் என்னைத்தான் கேட்டார். ஆனால் என் பதில் தேவையில்லை என்கிற குரலில் கேட்டார்.

"எங்க அத்தை வைக்கிற குழம்புன்னா சாவலாம் மேடம். அதுக்கும் ரெண்டாவது தரம் ஊத்திக்கணும்."

அமுதவல்லி மேடம் சிரிக்கவில்லை. போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, ஒரு நாள் மேலதிகாரியின் மேஜைமேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். நான் சவுரியப்பன். அவருக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன், கோபம் வந்தால் முதல் திட்டை வாங்கிக்கொள்பவன். அன்று காலையிலிருந்து அவர் கோபத்தில்தான் இருந்தார். சொல்லப்போனால் எனக்கும் கோபம்தான்.

எங்கள் எதிரே, பாப்பிரெட்டிப்பட்டியில் அம்மா வீட்டுக் கட்டிலில், எங்களைக் கூப்பிட்டனுப்பிய வெண்மதி உட்கார்ந்திருந்தாள். நிறைமாத வயிறு. புருஷன் மாது செத்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மாரண்டஹள்ளிப் பக்கம் வேலங்கொட்டாயில் தக்காளி போட்டுப் பிழைக்கிற குடும்பம். மாது மஞ்சக்காமாலையில் செத்தான். பத்தியத்தில் இருந்தவனுக்குக் கோழிக்குழம்பு ஊற்றிக் கொன்றவள் இவள்தான் என்று ஊரே சொன்னது. முதலில் சொன்னவன் மாதுவின் அண்ணன் முருகேஷ்.

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம். குழந்தை பிறந்ததும் அதை முருகேஷ் வீட்டில் கொடுத்துவிட்டு இவள் போய்விட வேண்டும், மறுத்தால் சோற்றில் விஷம் வைத்தாள் என்று போலீஸில் எழுதிக் கொடுப்பார்கள். கூட்டம் கூடுவதற்கு முன்பே தீர்ப்பு தயாராக இருந்தது.

"குழம்பு ஊத்துனது நெசந்தானா?" என்றார் மேடம்.

"நெசந்தாங்க அக்கா. கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்கு முந்துன நாளு. வாய்க்கு ருசியா ரெண்டு வாய் குடு வெண்மதின்னு கேட்டாரு. அதுக்கு முன்னாடி உப்புகூட போட்டதில்லீங்க." அவள் அழவில்லை. அழுது தீர்ந்துபோன முகம். "சித்திரையில ஊருல பத்துப் பேருக்குக் காமாலை வந்துச்சு. கொழா ஒடைஞ்சி சாக்கடை கலந்துருச்சுன்னாங்க. எல்லாரும் வைத்தியர் பச்சியப்பன்கிட்ட போயி கையில கீறி மருந்து வெச்சிக்கிட்டாங்க. நல்லாவும் ஆயிடுச்சு. ஆடியில மறுபடியும் திரும்பிருச்சுங்க. இவரோட சேத்து ஆறு பேருக்கு."

"மத்த அஞ்சு பேருக்கும் குழம்பு ஊத்தினது யாரு?"

வெண்மதி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"அவங்கெல்லாம் பத்தியம் தப்பலீங்க."

"நீ கீறிக்கிட்டியா?"

"மாசமா இருக்கறவ ரத்தம் சிந்தக்கூடாதுன்னு வைத்தியரு வேணாமுன்னுட்டாருங்க. எனக்குக் காமாலையும் வரல. நான் தண்ணிய காய்ச்சித்தான் குடிப்பேன்."

"முருகேஷுக்கு?"

"மாமாவுக்கும் வரலீங்க. ஆனா அவரு கீறிக்கிட்டாரு. அவரு வண்டியிலதான் எல்லாரையும் கூட்டிட்டுப் போனாரு. அவரு பசங்க ரெண்டு பேருக்கும் காமாலை இருந்துச்சு, அதுங்களுக்கும் கீறுனாங்க. பசங்களுக்கு மறுக்கா திரும்பல."

மேடம் எழுந்தார். "நேத்து ரத்தம் குடுத்தியே, அது என்னன்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். வலி எடுத்தா நேரா தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவணும். வேற எங்கயும் போவாத."

முருகேஷின் வண்டியை எனக்குத் தெரியும். முந்தின நாள் வேலங்கொட்டாயில் எங்களை ஊர் எல்லைவரை விரட்டிக்கொண்டு வந்த டாட்டா ஏஸ் அதுதான். பின்பக்கம் சிவப்பு எழுத்தில் 'ரத்தம் கொடுப்போம் உயிர் காப்போம், நண்பர்கள் குழு, தலைவர் முருகேஷ்' என்று எழுதி, செல் நம்பரும் போட்டிருந்தான். ரத்தம் கொடுக்கிறவன் இப்படியா அடுத்தவன் ரத்தத்தைக் குடிக்க வருவான் என்று அப்போதே மேடத்திடம் சொன்னேன்.

பாலக்கோட்டை நோக்கி எங்கள் பழைய மாருதி போய்க்கொண்டிருந்தபோது டாக்டர் நிர்மலாதேவி போனில் வந்தார். மேடத்தின் பள்ளித் தோழி, தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் வேலை. நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அமுதா, ஊருல சொல்றமாதிரி காமாலை திரும்பி வரல. சித்திரையில வந்தது வேற. ஆடியில வந்தது வேற."

"ரெண்டும் மஞ்சள்தானே டாக்டர்?" என்றேன்.

"கல்லீரல் கெட்டா கண்ணு மஞ்சளாவும், அவ்வளவுதான். கெடுத்தது யாருன்னு கண்ணு சொல்லாது. ரத்தந்தான் சொல்லும். ஏ, பி, சி, டி, ஈ-ன்னு அஞ்சு வைரஸ் இருக்கு."

"ஃபீஸ் கட்டாமலே எல்.கே.ஜி. பாடம் நடக்குது மேடம்."

"வாய மூடிட்டு ரோட்டப் பாரு."

டாக்டர் நிறுத்தவில்லை. "ஏ-வும் ஈ-யும் வாய் வழியா வரும். சாக்கடை கலந்த தண்ணி, கழுவாத கை. பெரும்பாலும் ஓய்வெடுத்தா தானா சரியாயிடும். மாசமா இருக்கறவங்களுக்கு மட்டும் ஈ ரொம்ப ஆபத்து. உங்க ஊருக்குச் சித்திரையில வந்தது இந்த ரெண்டுல ஒண்ணுதான். பி-யும் சி-யும் ரத்தத்து வழி. ஊசி, பிளேடு, புருஷன் பொண்டாட்டி உறவு, பிரசவத்துல அம்மாகிட்டருந்து குழந்தைக்கு. டி தனியா வராது, பி இருக்கற ஒடம்புலதான் ஒட்டிக்கும். மாதுவுக்கு இங்க முன்னாடி எடுத்த ரத்தத்தோட சேத்து ஆறு பேரோடதும் பாத்தாச்சு. ஆறும் பி."

"குழம்புல பி வருமா?" மேடத்தின் குரல் தணிந்திருந்தது. அது நல்ல அறிகுறி அல்ல.

"குழம்புல காரந்தான் வரும். பி உள்ள போயி ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் வெளிய தெரியும். பெரியவங்கள்ல முக்காவாசிப்பேருக்கு மேல அதுவே அடங்கிடும். நூத்துல ஒருத்தருக்கு இப்படி கல்லீரலையே சாச்சிடும். மாது அந்த ஒருத்தன்."

ஆடியிலிருந்து பின்னால் எண்ணினால் சித்திரை. சித்திரையில் ஆறு பேருக்கும் சேர்ந்து ரத்தம் வந்த இடம் ஒன்றுதான். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

பச்சியப்பனின் வைத்தியசாலை ரோட்டோரத் தகரக் கொட்டகை. முன்னால் செருப்புகளின் கூட்டம். 'காமாலைக்கு ஒரே கீறல்' என்று பேனர். பேனரில் அவருடைய யூடியூப் சேனலின் பெயர், கூடவே சந்தாதாரர் ஆகும்படி வேண்டுகோள். பச்சியப்பனுக்கு ஐம்பது வயது இருக்கும், சந்தனப் பொட்டு, வெள்ளை வேட்டி, கழுத்தில் மைக். அன்று ஷூட்டிங் நாள் போலிருந்தது.

"கண்ணு மஞ்சளா இருக்குதுங்க" என்று நான் போய் உட்கார்ந்தேன்.

என் கண்ணைப் பார்க்கவே இல்லை. "கைய நீட்டு" என்றார். மரப்பிடி போட்ட சின்னக் கத்தி. அதன் நுனியில் பச்சிலைச் சாறும் பழுப்பாய்க் காய்ந்த ஏதோவும் படிந்திருந்தது. எனக்கு முன்னால் கீறிக்கொண்டு எழுந்தவர் முழங்கையை மடக்கிக்கொண்டு இன்னும் பக்கத்திலேயே நின்றார்.

"கத்திய கழுவமாட்டீங்களா?" மேடம் பின்னாலிருந்து கேட்டார்.

"தண்ணி பட்டா மருந்து முறிஞ்சிரும்மா. எங்க அப்பாரு காலத்துக் கத்தி. இதுலதான் சக்தியே இருக்குது."

"எந்தக் காமாலைக்கு இந்த மருந்து?"

"காமாலைன்னா காமாலைதான். அதுல என்ன ரகம் பிரிக்கறது, தக்காளியா?"

நான் கையை இழுத்துக்கொண்டேன். மேடம் குனிந்து, தன் கைக்குட்டையால் அந்தக் கத்தியை எடுத்து, காலி டிபன் டப்பாவில் போட்டு மூடினார். பச்சியப்பன் எழுந்தார்.

"யாரு நீ? நூத்துக்கணக்குல ஆளுங்கள கொணப்படுத்துனவன் நானு. ஊருல போயி கேளு."

"தானா கெளம்பற பஸ்ஸுக்கு முன்னாடி நின்னு கையாட்டிட்டு, நான்தான் ஓட்டுனேன்னு சொல்றவன் நீ. சித்திரையில வந்த காமாலை நீ இல்லாமலே போயிருக்கும். ஆடியில வந்தது நீ இல்லாம வந்தே இருக்காது. ஒருத்தன் செத்துட்டான். அவன் பொண்டாட்டிய கொலகாரின்றாங்க. நீ இங்க மைக் மாட்டிக்கிட்டு வீடியோ எடுக்கற." மேடம் அங்கே நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். "இன்னிக்குக் கீறிக்கிட்டவங்க இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போயி, நடந்தத சொல்லி ஊசி போட்டுக்குங்க. கத்திய நான் போலீஸ்ல குடுத்துடறேன். என்மேல திருட்டு கேஸ் குடுக்கணும்னா தாராளமா குடுக்கட்டும்."

இரண்டு மூன்று பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். பச்சியப்பன் மைக்கைக் கழற்ற மறந்து கத்திக்கொண்டிருந்தார். அதுவும் பதிவாகியிருக்கும்.

காரில் ஏறியதும் நான் சொன்னேன். "கேஸ் முடிஞ்சுது மேடம். கத்திதான் கொலகாரன்."

"பாதிதான் முடிஞ்சுது. கத்தியில கிருமி மொளைக்காது. யாரோ ஒருத்தர் ரத்தத்துலருந்துதான் கத்திக்கு வந்திருக்கணும். அந்த ஆளு யாரு?"

"அதை எங்க போயி தேடறது?"

"பச்சியப்பனே வெளம்பரம் போட்டு வெச்சிருக்கானே. சேனலத் தொற."

பச்சியப்பனின் சேனலில் சித்திரை மாத வீடியோ இருந்தது. 'வேலங்கொட்டாய் மக்கள் வண்டி கட்டி வந்த அதிசயம்.' முகங்கள் சரியாகத் தெரியவில்லை, கேமரா கைகளைத்தான் காட்டியது. ஆனால் ஒவ்வொருவரும் உட்கார்ந்ததும் பச்சியப்பன் கேமராவுக்காகப் பெயரைச் சொல்லச் சொன்னார். முதல் கை தீர்த்தம்மாள். இரண்டாவது காளியப்பன்.

"ரெண்டு பேரும் நேத்து நம்மகூட நல்லாத்தானே பேசினாங்க?" என்றார் மேடம்.

"தீர்த்தம்மாள் என்னை வெளக்கமாத்தத் தூக்கிட்டு வெரட்டுச்சு மேடம். அந்தத் தெம்பு காமாலைக்காரங்களுக்கு வராது."

மூன்றாவதாக ஒரு கை நடுங்கிக்கொண்டே வந்தது. கத்தியைப் பார்த்ததும் பின்னுக்குப் போனது. யாரோ சிரித்தார்கள். அந்தக் கையைத் தள்ளிவிட்டு இன்னொரு கை முன்னால் நீண்டது. விரலில் வண்டிச் சாவி தொங்கியது. பெயர் கேட்டதற்கு அந்தக் குரல் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவனிடம் பேசியது.

"இதுக்குப் போயி பயப்படுவாங்களாடா? மொதல்ல அண்ணன் கீறிக்கறேன். நீ பாரு."

கத்தி அந்தக் கையைக் கீறியது. துடைக்கவில்லை. அடுத்து அந்த நடுங்கும் கை வந்தது. பெயர் கேட்டார்கள். "மாது" என்றது.

அதற்குப் பிறகு ஏழு கைகள். ஐந்து பெரியவர்கள், அந்த ஐந்து பெயர்களும் டாக்டரின் ஆறில் இருந்தன. கடைசியில் இரண்டு சின்னக் கைகள், முருகேஷின் பிள்ளைகள்.

நான் வீடியோவை நிறுத்தினேன். மேடம் பேசினார்.

"சாவி தொங்குன கைக்கு முன்னாடி கீறுனவங்களுக்கு ஒண்ணுமில்ல. பின்னாடி கீறுன பெரியவங்க அத்தன பேருக்கும் பி."

"பசங்களும் பின்னாடிதானே?"

"கைக்குழந்தையா இருக்கறப்ப அங்கன்வாடியில தொடையில போடறாங்களே, அந்த ஊசியிலயே பி-க்கும் தடுப்பு இருக்கு. அந்த வரிசையில காப்பு கட்டியிருந்தது அந்த ரெண்டு பொடிசுங்க மட்டுந்தான்."

நாங்கள் வேலங்கொட்டாய் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. கோயில் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். முருகேஷ் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தான். ஆடியில் படுத்த ஐந்து பேரில் மூன்று பேர் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்கள் இன்னும் தெளியவில்லை.

"மறுபடியும் வந்துட்டீங்களா? இது எங்க வூட்டு விசயங்க" என்றான் முருகேஷ்.

"ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன். ரத்ததானக் குழுத் தலைவரு நீங்க. கடைசியா நீங்க எப்ப ரத்தம் குடுத்தீங்க?"

காளியப்பன்தான் பதில் சொன்னான். "அண்ணன் குடுக்கறத நிறுத்தி ரெண்டு வருசம் ஆவுதுங்க. எங்களத்தான் அனுப்புவாரு."

"ஏன் நிறுத்திட்டீங்க, முருகேஷ்?"

முருகேஷின் முகம் மாறியது. கோபத்தில் மாறியது என்றுதான் முதலில் நினைத்தேன். மேடம் போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டார். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. மொதல்ல அண்ணன் கீறிக்கறேன், நீ பாரு. அதைத் தொடர்ந்து மாது தன் பெயரைச் சொன்னான். செத்தவன் குரலைக் கேட்டு ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேடம் வரிசையைச் சொன்னார். முன்னால் யார், பின்னால் யார், யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை. விரல் விட்டு எண்ணத் தெரிந்த யாருக்கும் புரிகிற கணக்கு. சொல்லி முடிக்கும்போது முருகேஷ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கேம்ப்ல ரத்தம் எடுத்தாங்கங்க" என்றான். "ரெண்டு நாளு கழிச்சு போன் பண்ணாங்க. ஒங்க ரத்தத்துல மஞ்சக்காமாலை கிருமி இருக்குது, டாக்டர வந்து பாருங்கன்னாங்க. கண்ணாடியில பாத்தேன். கண்ணு வெள்ளையாத்தான் இருந்துச்சு. காமாலைன்னா கண்ணு மஞ்சளாவணுமில்லீங்களா? ஒடம்புக்கும் ஒண்ணுமில்ல. தலைவனுக்கே ரத்தம் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா மானம் போயிடும்னு யாருகிட்டயும் சொல்லல."

"அப்புறம்?"

"சித்திரையில எல்லாரும் காமாலைக்குக் கீறப் போனாங்க. எனக்கும் உள்ளார இருக்கறது காமாலைதானேங்க. அதோட சேந்து போவட்டும்னு நெனச்சேன். தம்பி வேற பயந்தான். சரின்னு மொதல்ல நான்..."

எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். அரை நிமிடம் பாவமாக இருந்தது. பிறகு பாப்பிரெட்டிப்பட்டிக் கட்டிலில் அழாமல் உட்கார்ந்திருந்தவளை நினைத்துக்கொண்டேன். எல்லா நோய்க்கும் ஒரே பேரை வைத்துவிட்டு, அந்தப் பேருக்கு ஒரே கத்தியை வைத்துவிட்டு, கடைசியில் பழிபோட மட்டும் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

"நீ உன் தம்பிய வேணும்னு கொல்லல" என்றார் மேடம். மரியாதை எப்போதோ போய்விட்டிருந்தது. "தெரியாம நடந்தது. அதுக்கு உன்மேல எனக்குக் கோபமில்ல. ஆனா ரத்தத்தப் பாத்து சொன்னவங்கள நம்பாத நீ, ஒரு கிண்ணம் குழம்பப் பாத்து அந்தப் பொண்ண கொலகாரின்னு சொன்ன பாரு, அது தெரியாம நடந்ததில்ல. சாப்பாடு கேட்ட புருஷனுக்குச் சாப்பாடு போட்டிருக்கா. அவளோட குழந்தைய புடுங்க நாற்காலி போட்டு உக்காந்திருக்கீங்க."

மேடத்தின் போன் அடித்தது. டாக்டர் நிர்மலாதேவி. பேசி முடித்துவிட்டு மேடம் கூட்டத்தைப் பார்த்தார்.

"வெண்மதிக்கும் ரத்தத்துல பி இருக்கு. மாதுகிட்டருந்து வந்திருக்கு. வலி எடுத்து பெரியாஸ்பத்திரிக்கு வந்துட்டா. குழந்தை பொறந்ததும், ஒரு நாள் தாண்டறதுக்குள்ள ரெண்டு ஊசி போடணும். போட்டுட்டா அதுக்கு வராம தடுத்துடலாம். அந்த ஊசிக்கு எங்க போவணும்னு தெரிஞ்சவ அதோட அம்மாதான், நீங்க இல்ல." முருகேஷிடம் திரும்பினார். "நீயும் உன் பொண்டாட்டியும் நாளைக்கு வந்து பாக்கணும். மாத்திரை இருக்கு, அடக்கி வெச்சிக்கலாம். இந்த அஞ்சு பேரும் டாக்டர் சொல்றபடி கேக்கணும், எலை தழை எதுவும் வேணாம். போறதுக்கு முன்னாடி ஒண்ணு செய். அவ பேர எந்த வாயால சொன்னியோ, அதே வாயால இப்ப உன் பேரச் சொல்லு."

முருகேஷ் நிமிர்ந்தான். சட்டைக் கையை மேலே ஏற்றினான். முழங்கைக்குக் கீழே அந்தப் பழைய கீறல் இருந்தது.

"எந்தம்பிக்கு முன்னாடி கைய நீட்டுனது நானுங்க. வெண்மதி மேல குத்தமில்ல."

தீர்த்தம்மாள்தான் முதலில் தன் நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தாள். கூட்டம் அத்தோடு முடிந்தது.

இருட்டுவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு தொடையிலும் ஊசி போட்டார்கள். வார்டே அதிரும்படி கத்தியது.

"சரியான கோபக்காரி மேடம். உங்க கட்சி" என்றேன். அன்று முதல் தடவையாக மேடத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

முருகேஷ் எங்கள் பின்னாலேயே வந்திருந்தான். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"வெண்மதி, கொழந்தைய ஒரு தடவ..." கைகளை நீட்டினான். பிறகு பயந்து டாக்டரைப் பார்த்தான். "நான் தொட்டா ஒட்டிக்குமுங்களா?"

"தொட்டா ஒட்டாது. தூக்குனா ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது" என்றார் டாக்டர்.

வெண்மதி குழந்தையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா மாமா, ஒட்டாதாம்" என்றாள். "ஆனா குடுக்க மாட்டேன்."

அவன் கைகள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தன. மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் இருந்த நாற்காலியை இழுத்து, அவனுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.